பள்ளத்தை மறைத்து நின்ற மச்சாள்

"அங்க பாருங்க, பஸ் ஒண்டு வானத்தில போகுது!"

எங்களில் யாரோ ஒருத்தி கத்தினாள். ஹசலக்கவில் ஒரு கடை வாசலில் சைக்கிள்களைச் சாத்திவிட்டுப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முன்னால் மலை.

மலையென்றால், பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் கீறிக் காட்டுகிற முக்கோணம் இல்லை. வானத்தில் பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு நிற்கிற மலை. அதன் நெஞ்சு உயரத்தில், பனிப்புகாருக்குள், சிவப்பாக ஒரு புள்ளி ஊர்ந்தது. தீப்பெட்டியை விடச் சின்னது. கண்ணாடியில் வெயில் பட்டு அது ஒருதரம் மின்னியபோதுதான் பஸ் என்று எனக்கும் விளங்கியது.

"அது எங்க போகுது?" என்று கேட்டேன்.

எங்களைக் கூட்டிவந்த பரீனா கோப்பையைக் கீழே வைத்தாள். "நாம போற இடத்துக்குத்தான் டீச்சர். அதுதான் நம்மட ரோட்டு."

தேத்தண்ணியை ஊதுகிற சத்தம் நின்றுவிட்டது. எனக்குப் பயம் வந்தது என்று சொன்னால் அது முழு உண்மையல்ல. கோயிலில் திரை விலகுகிற நேரத்தில் தன்பாட்டில் கை கூப்புமே, அப்படி ஒன்று உள்ளே நடந்தது. இவ்வளவு பெரிய பொருள் இதே நாட்டில், எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடக்கூடிய தூரத்தில் நின்றிருக்கிறது. நான் ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் அதன் காலடியில் வந்து நிற்கிறேன்.

பத்மா மச்சாள் மட்டும் கோப்பையின் அடியில் கிடந்த சீனியை விரலால் வழித்து நக்கினார்.

"பஸ் ஏறியிருக்கு எண்டா அங்க ரோட்டு இருக்கு. ரோட்டு இருந்தா சைக்கிளும் போகும். எழும்புங்க புள்ளையள்."

கல்லடிப் பாலம் வரைக்கும்தான்

இந்தப் பக்கத்தை இன்றுதான் முதலில் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆரையம்பதியில் பாலர் பாடசாலை நடத்துகிறவள். வாவிக் கரையைச் சேர்ந்த பெண்கள் சிலர், கிழக்குக் கடலில் சக்கரத்தை நனைத்துவிட்டு, நாட்டைக் குறுக்கே கடந்து மேற்கே நீர்கொழும்புக் கடற்கரை வரைக்கும் சைக்கிளில் போனோம். அந்தக் கதையைத்தான் சில வாரங்களாகச் சொல்லி வருகிறேன்.

யோசனை காத்தான்குடிப் பரீனாவுடையது. கண்டியில் சில காலம் துணிக்கடையில் வேலை பார்த்தவள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுடைய அண்ணன் றஹீம் நானா, எங்கள் பாய், பாத்திரம், பம்பு எல்லாவற்றையும் தன்னுடைய சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்தார்.

பெண் சைக்கிள் ஓடுவது எங்கள் பக்கத்தில் செய்தியே இல்லை. சந்தைக்கும் கந்தோருக்கும் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் சைக்கிள்தான். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, ஹாண்டிலில் மரக்கறிப் பை என்று போகிறவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் எங்கள் நிலம் தட்டை. ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று அது யோசித்துக்கொண்டு நிற்கும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே ஏற்றம் கல்லடிப் பாலம். கச்சான் காற்று எதிர்த்து அடிக்கிற நாளில் அதிலேயே இறங்கி உருட்டுகிறவர்கள் உண்டு.

அதனால் பின்னேரங்களில் அந்தப் பாலத்தில்தான் பழகினோம். அந்தக் கரை போய்த் திரும்பி வருவோம், மறுபடி போவோம். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, பாலத்தடியில் நின்ற பொலிஸ்காரர் கிட்ட வந்தார். "அம்மா, ஏதும் நகைநட்டைத் தவறவிட்டுட்டீங்களா? நாங்களும் தேடுறமே," என்று கேட்டார்.

"மலை ஏறப் பழகுறம் தம்பி," என்றார் மச்சாள்.

அவர் பாலத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தொப்பியைச் சரிப்படுத்திக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டார்.

இடியப்பப் பெட்டி

பத்மா மச்சாள் என் கணவரின் அக்கா. அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. பெரியகல்லாற்றில் விடியுமுன்னே இடியப்பம் அவித்து, பெட்டியைக் கரியரில் கட்டி, பெரிய ரோட்டோரத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவருடைய சைக்கிளில் கியர் கிடையாது. மணி உண்டு. ஆனால் அவர் அதை அடித்து நான் கேட்டதில்லை. "விலகு மனே!" என்று ஒரு சத்தம் போட்டால் லொறியே விலகும்.

பயணத்துக்கு முந்தின வருடம் அவருக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். புறப்படுமுன் டொக்டரிடம் போய்க் கேட்டபோது நானும் கூட இருந்தேன். "சைக்கிள் ஓடலாம். ஆனா உடம்பை வருத்தி ஓடாதீங்க," என்றார் டொக்டர். மச்சாள் முதல் வசனத்தோடு எழும்பி வெளியே வந்துவிட்டார்.

அவர் இடியப்பம் கொடுக்கிற ஒரு கடையில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பயணத்தைப் பற்றி அங்கே பேச்சு வந்திருக்கிறது. கடைக்காரர் வடையைப் புரட்டியபடி சிரித்திருக்கிறார்.

"மலையில எல்லாரும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவீங்க. நாடு முழுக்க சைக்கிள் ஓடினம் எண்டு வந்து இஞ்ச கதை விடாதீங்க பத்மாக்கா."

"நான் உருட்ட மாட்டன்," என்று மச்சாள் சொல்லியிருக்கிறார். "உருட்டினா நானே வந்து உனக்குச் சொல்லுவன்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். மச்சாள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு அவரோடு கூடவே வந்தது. மலைக்கு முந்தின இரவு மகியங்கனையில் படுக்கும்போதும் அவர் என்னிடம் சொன்னது அதைத்தான்: "எல்லாரும் உருட்டுங்க, பரவால்ல. நான் ஓடித்தான் ஏறுவன்."

அவர் தனக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தார். வளைவுகளில் ரோட்டு கொஞ்சம் மட்டமாக இருக்கும். அங்கே கால் ஊன்றி மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். ஆனால் இறங்கி உருட்டக் கூடாது.

யானை போன பாதை

மலைக்கு வருமுன்னே எங்களை வாயடைக்க வைத்த இன்னொன்று உண்டு. புல்லுமலை தாண்டிக் காட்டு ரோட்டில் வரும்போது தாருக்கு நடுவே யானை லத்தி கிடந்தது. அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் போயிருக்கிறது. பக்கத்தில் ஒரு மரக்கொப்பு முறிந்து, பச்சை வாசத்தோடு தொங்கியது.

அதுவரை சளசளவென்று வந்த நாங்கள் எல்லாரும் ஊமையானோம். செயின் சத்தம் மட்டும்தான். பயத்தில் ஒருத்தியின் பின்னால் ஒருத்தி இவ்வளவு ஒழுங்காக வரிசையில் போனது அந்த ஒரு தடவைதான். காட்டுக்குள் ஏதோ ஒன்று நின்று எங்களைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டதாகவே எனக்கு இன்றைக்கும் ஒரு நினைப்பு.

பரீனா பிறகு சொன்னாள்: "கண்ணால காணாத யானைக்கே இப்பிடி எண்டா, மலையைக் கண்டா என்ன செய்யப் போறீங்களோ."

வளைவுக்கு மேல் வளைவு

பதினெட்டு வளைவு என்றுதான் அந்த ஏற்றத்துக்குப் பெயர். பாம்பைச் சுருட்டி மலையில் சாத்தி வைத்தது மாதிரி ரோட்டு போகிறது. றஹீம் நானா லொறியோடு முன்னால் போய்விட்டார். உச்சியில் நிற்பதாக ஏற்பாடு.

முதல் வளைவு வருமுன்னே பாதிப் பேர் இறங்கிவிட்டோம். இரண்டாவதில் பரீனாவும் இறங்கினாள். ஏற்றம் என்றால் என்னவென்று என் முழங்கால்கள் அன்றைக்குத்தான் படித்தன. சைக்கிளை உருட்டுவதும் லேசான வேலையல்ல. பிடித்த பிடியை விட்டால் அது எங்களையும் இழுத்துக்கொண்டு ஊருக்கே திரும்பிப் போகப் பார்க்கும்.

மச்சாள் ஏறினார். நேராக ஏறவில்லை. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் குறுக்கே, பிறகு அங்கிருந்து இந்த ஓரத்துக்கு. தையல்காரி துணியில் கோணல் மாணலாகத் தைத்துக்கொண்டு போகிற மாதிரி. நடக்கிற எங்களை விடவும் மெதுவாகத்தான் வந்தார். ஒவ்வொரு பெடலுக்கும் முழு உடம்பையும் தூக்கி வைத்தார். வாகனம் வந்தால் ஓரத்தோடு ஒட்டிக்கொள்வார். முகம் செம்பருத்திப் பூ மாதிரிச் சிவந்து கிடந்தது.

வளைவுகளில் கால் ஊன்றி நிற்கும்போது பரீனா மேலிருந்து கத்துவாள். "பத்மாக்கா, போதும்! டொக்டர் சொன்னது மறந்திட்டா?"

"டொக்டர் ஓடச் சொன்னவர்!"

வெயில் ஏறியது. நாங்கள் சேர்ந்து போன கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கால் பலம் உள்ளவர்கள் முன்னால் போய் மறைந்துவிட்டார்கள். நான் நடுவில் தனியே. எனக்குக் கீழே ஒரு வளைவு பின்னால், மச்சாளின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. பெடல் ஒருபக்கம் கிறீச்சிடும். அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கும் வரைக்கும் அவர் ஏறிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

திரும்பிப் பார்த்தேன்

இன்னும் மூன்று வளைவுதான் மிச்சம் என்று நினைக்கிறேன். இரண்டு வளைவுக்கு நடுவே, ரோட்டு ஓரத்துக் கட்டு இல்லாத ஓர் இடம். மூச்சு வாங்க நின்றவள், சும்மா திரும்பிப் பார்த்தேன்.

கீழே உலகம் இருந்தது.

வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வயல்கள், குளங்கள், காடு, எல்லாம் ஒரு பாயை விரித்த மாதிரிக் கிடந்தன. மகாவலி ஒரு நூல். குளம் ஒன்று ஒற்றைக்கண் மாதிரி வெளிச்சத்தில் மின்னியது. அந்தப் பச்சை கிழக்கே போய்ப் போய், நீலமாகி, நீலம் சாம்பலாகி, எங்கே நிலம் முடிந்து வானம் தொடங்குகிறதென்று தெரியாமல் கரைந்தது. அந்தக் கரைந்த இடத்துக்கு அப்பால் எங்கள் வாவி இருக்கிறது. என் வீடு, பள்ளிக்கூடம், நான் பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரி, நான் இத்தனை வருடம் ஓடித் திரிந்த தெரு எல்லாம் அந்தச் சாம்பலுக்குள் எங்கேயோ இருக்கின்றன. இவ்வளவு பெரியதை ஒரே பார்வையில் நான் முன்பு கண்டதே இல்லை. கண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த கணம் கால் இரண்டும் இல்லாமல் போயின.

நிலம் என்னைக் கீழே இழுத்தது. தட்டையான ஊரில் பிறந்த எனக்கு உயரத்தைப் பார்த்தால் இப்படி ஒன்று வரும் என்று அதுவரை தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் உயரம் ஏது? சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. மலைச் சுவரோடு ஒட்டி, தாரிலேயே உட்கார்ந்துவிட்டேன். புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினாலும் அந்தப் பள்ளம் கண்ணுக்குள்ளேயே கிடந்தது. போன் இடுப்பில்தான் இருந்தது. எடுக்க வேண்டுமென்றால் கையை விட வேண்டும். கை புல்லை விடவில்லை. ஒரு லொறி கோர்ன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரிக் கடந்து போனது.

கிறீச், கிறீச் என்று பெடல் சத்தம் கிட்ட வந்தது.

"என்ன புள்ள, விழுந்திட்டியா?"

"இல்ல மச்சாள். எனக்கு ஏலா. கீழ பாக்க ஏலா."

அவர் ரோட்டின் குறுக்கே ஒருதரம் போனார். திரும்பி வந்தார். மீண்டும் போனார். அது வளைவு இல்லை; நடு ஏற்றம். அங்கே இறங்கினால் மறுபடி ஏறி மிதிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இறங்காதீங்க மச்சாள்!" என்று கண்ணை மூடிக்கொண்டே கத்தினேன். "நீங்க போங்க. மேல போய் ஆரையும் அனுப்புங்க. இன்னும் மூணு வளைவுதான்!"

பெடல் சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தேன். அவர் இறங்கிவிட்டிருந்தார். சைக்கிளைப் பாறையில் சாத்திவிட்டு, விழுந்து கிடந்த என் சைக்கிளையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். எனக்கும் பள்ளத்துக்கும் நடுவில், முகத்துக்கு நேரே குந்தினார். அவ்வளவு பெரிய உடம்பு. மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. கழுத்தால் வேர்வை ஓடியது.

"இப்ப என்ன தெரியுது?"

"நீங்க தெரியுறீங்க."

"வேற?"

"வேற ஒண்டும் தெரியல்ல."

"அப்ப சரி. பள்ளத்தை நான் பாத்துக்கொள்ளுறன். நீ என்னைப் பாத்துக்கொண்டு வா."

நான் அழுதேன். அவர் ஓடி ஏற வேண்டுமென்று எவ்வளவு ஆசைப்பட்டார் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். மச்சாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விசர்க் கதை கதைக்காத. ரோட்டு ஓடிப் போகாது. நீ விழுந்தா உன்ட மனுசனுக்கு நான் என்ன சொல்லுறது? எழும்பு!"

மிச்ச ஏற்றத்தை இப்படித்தான் ஏறினோம். மலைச் சுவர்ப் பக்கமாக நானும் என் சைக்கிளும். வெளிப்பக்கமாக அவரும் அவருடைய சைக்கிளும். ஓரக்கண்ணால் பார்த்தால் அவருடைய நீலச் சட்டையும் ஈரமான தோளும் மட்டும்தான். அந்தத் தோளுக்கு அப்பால் உலகம் முழுவதும் கிடந்தது. அவர் அதில் ஒரு துண்டைக்கூட எனக்குக் காட்டவில்லை. பெரியகல்லாற்றுக் கடைகளில் எவன் பழைய இடியப்பத்தைப் புதியது என்று விற்கிறான் என்று கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் அவர் அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போய், பெட்டியை இறக்கு முன்னே, "மூணு வளைவு உருட்டினன்," என்று சொல்லியிருக்கிறார். என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு இது கடைக்காரர் வாயால்தான் தெரியும். அன்றைக்கு ஏனோ யாரும் சிரிக்கவில்லை என்றும் அவர்தான் சொன்னார்.

சோளன் கடை

உச்சியில் ஒரு தகரக் கூரைக் கடை. அடுப்பில் பெரிய பானையில் சோளன் வெந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் குவிந்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்ததும், எங்களைத் தாண்டிக்கொண்டு முதலில் ஓடிவந்தது அந்தக் கடைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். சோமா என்று பெயர். நேரே வந்து மச்சாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் படபடவென்று பேசினார்.

பரீனா தமிழில் சொன்னாள். "இஞ்ச நிண்டா கீழ வளைவெல்லாம் தெரியுமாம் பத்மாக்கா. காலையில இருந்து உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாவாம். பானையில தண்ணி வத்தினதும் தெரியல்லயாம். மெல்லிய சில்லுச் சைக்கிள்ல வெள்ளைக்காரர் ஏறக் கண்டிருக்காவாம். இப்பிடி ஒரு சைக்கிள்ல ஒரு பொம்புள ஏறி இண்டைக்குத்தான் கண்டாவாம்."

"நான் கடைசி மட்டும் ஏறல்ல எண்டு சொல்லு," என்றார் மச்சாள்.

பரீனா சொன்னாள். சோமா தலையை ஆட்டினார். என் பக்கம் கையைக் காட்டி மெதுவாக ஏதோ சொன்னார்.

"அதையும் கண்டாவாம். முதல்ல களைச்சுப்போய் இறங்கிட்டாங்க எண்டு நினைச்சாவாம். பிறகு டீச்சர் இருக்கிறதக் கண்டாவாம்."

சோமா ஆளுக்கொரு சோளன் எடுத்து, உப்புத் தண்ணீரில் முக்கித் தந்தார். கை சுடச் சுடத் தின்றோம். நான் கடையின் பின்சுவரோடு ஒட்டி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றேன்.

தின்று முடிக்கும்வரை சோமாவின் கண் மச்சாளின் சைக்கிளில்தான் இருந்தது. கிட்டப் போய் ஹாண்டிலைத் தொட்டார். மணியை ஒருதரம் அடித்துவிட்டு, பிழை செய்த பிள்ளை மாதிரிக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஏறிப் பாக்கச் சொல்லு," என்றார் மச்சாள்.

சோமா சிரித்துக்கொண்டு கையை விரித்தார். பரீனா சொன்னாள்: "அவவுக்கு ஓடத் தெரியாதாம். இந்த மலையில பிறந்த பொம்புளையள் சைக்கிள் பழகுறதில்லயாம். ஏத்தமும் இறக்கமும்தானே, எங்க வச்சிப் பழகுறது எண்டு கேக்கிறா."

எனக்கு அது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் எடுத்தது. மேகம் வந்து வாசலைத் தொட்டுவிட்டுப் போகிற இடத்தில் பிறந்து, அந்தப் பாயை விரித்த உலகத்தைத் தினமும் விடியற்காலையில் பார்த்துக்கொண்டு அடுப்பு மூட்டுகிற பெண். எங்கள் ஊர்ச் சின்னப் பெட்டைகள்கூட யோசிக்காமல் செய்கிற ஒன்று அவருக்கு அதிசயமாக இருந்திருக்கிறது.

மச்சாள் ரோட்டைப் பார்த்தார். கடைக்கு முன்னால், பஸ் ஒதுங்கி நிற்கிற இடத்தில், கொஞ்சத் தூரம் ரோட்டு மட்டமாக இருந்தது. அந்த மலையிலேயே நான் கண்ட ஒரே மட்டமான துண்டு அதுதான்.

"இஞ்ச வச்சித்தான்," என்றார்.

றஹீம் நானா தன் சிவப்புத் துவாயை எடுத்துக்கொண்டு அங்கால வளைவில் போய் நின்றார். பரீனா இந்தப் பக்க வளைவில். சோமா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். மச்சாள் வலப்பக்கம், நான் இடப்பக்கம், சீற்றையும் ஹாண்டிலையும் பிடித்துக்கொண்டு ஓடினோம். உயரத்தை நான் முழுக்க மறந்திருந்தேன்.

"காலைப் போடு! மிதி! முன்னால பாரு!" என்று மச்சாள் தமிழில் கத்தினார். அது சோமாவுக்கு எப்படியோ விளங்கியது.

கண்டிப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று றஹீம் நானாவின் துவாயைக் கண்டு நின்றது. கோர்ன் அடிக்கவில்லை. யன்னல் எல்லாவற்றிலும் தலைகள். சைக்கிள் அந்தப் பக்கம் சாய்ந்தது, இந்தப் பக்கம் சாய்ந்தது, பிறகு ஒரு கணம் நேராகப் போனது. மட்டம் முடிகிற இடம் வந்ததும் "பிறேக்! பிறேக்!" என்று நாங்கள் எல்லாரும் அலறினோம். அவர் பிறேக்கைப் பிடிக்கவில்லை. இரண்டு காலையும் தரையில் தேய்த்து நிறுத்தினார். ஒரு செருப்பு பின்னால் ரோட்டிலேயே கிடந்தது.

சோமா திரும்பிப் பார்த்தார். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியபடி ஒரேயொரு சொல் சொன்னார்.

"ஆயெத்!"

அதற்கு அர்த்தம் கேட்டு யாரும் பரீனாவைத் தேடவில்லை. மச்சாள் சைக்கிளைத் திருப்பினார். நான் செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் போட்டேன். வளைவில் நின்ற றஹீம் நானா பஸ் சாரதியைப் பார்த்து, இன்னும் ஒருதரம் என்று ஒற்றை விரலைக் காட்டினார்.

சாரதி சிரித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்தினார்.